‘தமிழ்’ என்றால் ஐந்து எழுத்தா?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ் என்று தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளைகூட விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். இதே கேள்வியை இணைய உலாவியிடம் கேட்டால் ஐந்து என்று பதில் வரும். ‘மி’யில் உள்ள வளைவையும் ‘ழ்’ மேல் உள்ள புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு ஆறு எழுத்தாகத் தெரியும் ‘சிங்கப்பூர்’ அதற்குப் பதினொன்று.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பும்போது வரும். மாணவர் போட்டி ஒன்றின் பதிவுப் பக்கத்தில், ‘உங்களைப் பற்றி 200 எழுத்துகளுக்குள் எழுதுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம்’ என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய நண்பர்கள் இரண்டு, மூன்று வாக்கியங்களை நிம்மதியாக எழுதினார்கள். தமிழில் எழுதியவர்களுக்குப் பாதி வழியிலேயே பெட்டி அடைத்துக்கொண்டது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை அளந்த கோல் தமிழுக்கு மட்டும் குட்டையாக இருந்தது. நடத்தியவர்களுக்குத் தமிழ்மீது வெறுப்பு எதுவும் இல்லை. எங்கிருந்தோ ஆயத்தமாகக் கிடைத்த ஒரு பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

என் வாதம் அந்த ஆயத்தப் பெட்டியைப் பற்றியது. இன்று இணையப் பக்கங்களை யாரும் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கட்டுவதில்லை. பொத்தான், எழுத்துப் பெட்டி, நாள்காட்டி, பட்டியல் என்று யாரோ செய்துவைத்த கூறுகளை எடுத்துப் பொருத்துகிறோம். அந்தக் கூறுகளின் தொகுப்பைக் காம்பொனன்ட் நூலகம் என்கிறோம். அதைச் செய்பவர் எடுக்கும் சின்ன முடிவு, அவருக்குத் தெரியாத நூறு தளங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படியானால் தமிழ் படிக்கத் தெரிந்த சிலராவது அந்த நூலகங்களைச் செய்யும் இடத்தில் இருக்க வேண்டும். கணினியியல் படிக்கும் மாணவர் என்ற முறையில் சொல்கிறேன், அது இப்போது நாம் நினைப்பதைவிட எட்டும் தூரத்தில் இருக்கிறது. டெக்கரேட்டர், டைரெக்டிவ் என்ற இரண்டு கருவிகள் அதற்கு உதவுகின்றன. அவற்றில் வழுக்கி விழும் இடங்களும் உண்டு. இரண்டையும் பேசுவோம்.

சொந்தமாக ஒரு குறிச்சொல்

எச்டிஎம்எல் மொழியில் பத்திக்கு ஒரு குறிச்சொல், படத்துக்கு ஒரு குறிச்சொல் என்று இருப்பதைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். நமக்கு வேண்டிய குறிச்சொல்லை நாமே உருவாக்கிக்கொண்டால் என்ன என்பதுதான் வெப் காம்பொனன்ட்டின் அடிப்படை. அலெக்ஸ் ரஸல் என்ற கூகல் பொறியாளர் 2011ல் இதைப் பற்றிப் பேசினார். பிறகு அது உலாவிகளின் பொதுத் தரமாக வளர்ந்தது. இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

நாம் உருவாக்கும் குறிச்சொல்லின் பெயரில் ஒரு சிறுகோடு கட்டாயம் இருக்க வேண்டும். உலாவியின் சொந்தக் குறிச்சொற்களோடு மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதற்குப் பிறகு வருவது தமிழாகவே இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஓர் ஆங்கில எழுத்து, ஒரு சிறுகோடு, அப்புறம் ‘பெட்டி’ என்று தமிழில் எழுதினாலும் உலாவி ஏற்றுக்கொள்ளும். வேலைக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒரு குதூகலம் வந்தது உண்மை.

இந்தத் தரத்தின் இன்னொரு பகுதி ஷேடோ டோம். கூறின் உள்ளே இருப்பதை ஒரு சுவர் கட்டி மறைப்பது அது. பக்கத்தின் சிஎஸ்எஸ் விதிகள் நேராக உள்ளே புக முடியாது, உள்ளே இருப்பவையும் வெளியே கசியாது. ஆனால் எழுத்துரு, வரி உயரம், நிறம் போன்று மரபாக இறங்கும் பண்புகள் சுவரைத் தாண்டி உள்ளே வரும். பக்கத்தின் மொழி தமிழ் என்று மேலே குறித்திருந்தால் அந்தச் செய்தியும் உள்ளே வரும். தமிழுக்கு இது நல்ல செய்தி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? சிங்கப்பூர் அரசாங்க இணையத்தளம் எதையாவது திறந்து பாருங்கள். உச்சியில் ஒரு மெல்லிய பட்டை, இது அரசாங்க அமைப்பின் தளம்தான் என்று சொல்லி, அதை எப்படி அடையாளம் காண்பது என்றும் விளக்கும். மோசடித் தளங்கள் பெருகிவிட்ட காலத்தில் அந்தப் பட்டைக்கு மதிப்பு அதிகம். கவ்டெக் எனப்படும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு வெளியிட்டிருக்கும் வடிவமைப்பு நூலகத்தில் அது ஒரு குறிச்சொல். பொத்தானும் படிவப் பெட்டிகளும் அதே நூலகத்தில் இருக்கின்றன. நூலகம் வெளிப்படையாக இருக்கிறது, யாரும் திறந்து நிரலைப் படிக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பேன். பாடப்புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

அந்த நூலகம் லிட் என்ற சிறு கருவியின்மீது கட்டப்பட்டது. கூகல் 2013ல் அறிமுகப்படுத்திய பாலிமர் என்ற திட்டத்தின் வழித்தோன்றல் லிட். சுருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்து கிலோபைட்தான், ஒரு சிறிய படத்தைவிடக் குறைவு. உலாவியில் ஓடும் ஃபோட்டோஷாப்பின் பொத்தான்களும் பட்டியல்களும்கூட லிட்டில் எழுதிய கூறுகளே. டெக்கரேட்டரும் டைரெக்டிவும் எனக்கு அறிமுகமானது இங்கேதான்.

@ என்ற வாக்குறுதி

நிரலில் ஒரு வகுப்புக்கோ அதன் உறுப்புக்கோ முன்னால் @ குறியோடு ஒட்டும் சீட்டுதான் டெக்கரேட்டர். லிட்டில் வகுப்பின் தலையில் @கஸ்டம்எலிமென்ட் என்று எழுதிப் பெயரையும் கொடுத்தால், அந்த வகுப்பு ஒரு குறிச்சொல்லாக உலாவியிடம் பதிவாகிவிடும். ஓர் உறுப்புக்கு முன்னால் @ப்ராப்பர்ட்டி என்று எழுதினால், அதன் மதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் கூறு தன்னைத் தானே புதிதாக வரைந்துகொள்ளும். ஒரே மூச்சில் மூன்று உறுப்புகளை மாற்றினாலும் மூன்று முறை வரையாது. மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒருமுறைதான் வரையும். இவ்வளவும் ஒற்றை வரியில்.

வசதி புரிகிறது. ஆனால் இந்தச் சீட்டை ஒட்டுவதில் ஓர் ஒழுக்கம் வேண்டும் என்பது என் கருத்து. @ப்ராப்பர்ட்டி என்பது வெளியாருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. நூலகத்தைப் பயன்படுத்துபவர் அந்தப் பெயரை நம்பித் தம் பக்கத்தை எழுதுகிறார். நாளைக்கு நீங்கள் பெயரை மாற்றினால் அவருடைய தளம் உடையும். கூறின் உள்விவகாரத்துக்கு @ஸ்டேட் என்ற வேறொரு சீட்டு இருக்கிறது. இதுவும் மாறினால் மறுபடி வரையும், ஆனால் வெளியே பண்பாகத் தெரியாது. எழுத்துப் பெட்டிக்கு அதிகபட்ச எழுத்து எத்தனை என்பது வெளியார் சொல்ல வேண்டியது, @ப்ராப்பர்ட்டி. இந்த நொடியில் எத்தனை எழுத்து நிரம்பியிருக்கிறது என்பது உள்விவகாரம், @ஸ்டேட். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டில் எது எங்கே என்று தீர்மானிப்பதுதான் நூலகம் எழுதும் வேலையில் பெரும்பகுதி. மாணவர்கள் எழுதும் நிரல்களில் எல்லாவற்றுக்கும் @ப்ராப்பர்ட்டி ஒட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டின் எல்லா அறைக்கும் தெருப்பக்கம் கதவு வைத்தது போல.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்எல் பண்புகள் எப்போதும் எழுத்துச் சரங்கள்தாம். ஆம், இல்லை என்ற மதிப்பைத் தரும் பண்பு எழுதப்பட்டிருந்தாலே ‘ஆம்’ என்று பொருள், எழுதாவிட்டால் ‘இல்லை’. அதனால் ஒருவர் ‘முடக்கம் = இல்லை’ என்று கவனமாக எழுதிவைத்தாலும் பெட்டி முடங்கிப்போகும், பண்பு அங்கே இருக்கிறதல்லவா! இதிலிருந்து வரும் விதி: ஆம், இல்லை வகைப் பண்புகளின் தொடக்க மதிப்பு எப்போதும் ‘இல்லை’யாக இருக்கட்டும். தொடக்கத்திலேயே ‘ஆம்’ என்று வைத்துவிட்டால், வெறும் எச்டிஎம்எல் எழுதுபவரால் அதை அணைக்கவே முடியாது. டெக்கரேட்டர் இதை எச்சரிக்காது. அது சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் டெக்கரேட்டரின் பூர்வீகத்தில் இருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் மொழி 2015லேயே இதைச் சோதனை வசதியாகக் கொடுத்துவிட்டது. ஆங்குலர் அதைக் கையில் எடுத்தது, உலகமே பழகிக்கொண்டது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் தரக்குழு இதைப் பல ஆண்டுகள் விவாதித்து, வடிவத்தையே மாற்றி, 2022ல்தான் மூன்றாம் நிலைக்குக் கொண்டுவந்தது. அந்தப் புதிய வடிவத்தை டைப்ஸ்கிரிப்ட் 2023ல் வெளிவந்த 5.0 பதிப்பில் ஏற்றது. ஆகவே இன்று @ என்ற ஒரே குறிக்குப் பின்னால் இரண்டு பேச்சுவழக்குகள் இருக்கின்றன. பழைய வழக்கில் எழுதிய பாடத்தைப் புதிய அமைப்போடு ஓட்டினால் கூறு அசையாமல் நிற்கும். வகுப்பின் சாதாரண உறுப்பு, டெக்கரேட்டர் வைத்த காவலாளை மூடி மறைத்துவிடுவது அதற்குக் காரணம். புதிய வழக்கில் இதற்காகவே ‘அக்செசர்’ என்ற சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி எந்த வழக்கு என்று சொல்வதே இல்லை.

இதனால்தான் எங்கள் சிறு குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் கூறை டெக்கரேட்டர் இல்லாமல் எழுத வேண்டும். லிட்டில் அது முடியும். உறுப்புகளை ஒரு பட்டியலாக எழுதி, கடைசியில் ஒரு வரியில் பெயரைப் பதிவு செய்தால் போதும், நான்கைந்து வரிகள்தான் கூடும். அதை எழுதியவருக்கு @ குறி மந்திரமாகத் தெரியாது, சுருக்கெழுத்தாகத் தெரியும். ‘பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிறகு கால்குலேட்டரைத் தொடு’ என்று வீட்டில் சொல்வார்களே, அதே கதை. நூலகத்தை வெளியிடும்போது டெக்கரேட்டர்கள் எல்லாம் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றப்பட்டுவிடும் என்பதால், பயன்படுத்துபவருக்கு இந்தக் குழப்பம் எதுவும் போய்ச் சேராது. சுமை எழுதுபவருக்கு மட்டுமே.

பெயர்ப் பட்டியலில் இடம் மாறும் குறி

டைரெக்டிவ் வேறு வகை. டெக்கரேட்டர் கூறின் உறுப்புகளைப் பற்றிப் பேசுகிறது. டைரெக்டிவ், வார்ப்புருவின் ஒரு குறிப்பிட்ட இடத்தை எப்படி வரைய வேண்டும் என்று சொல்கிறது. லிட் பல டைரெக்டிவ்களைத் தன்னோடு தருகிறது. நிலைக்கேற்ப வடிவப் பெயர்களைச் சேர்க்க ஒன்று, மதிப்பு இருந்தால் மட்டும் பண்பை எழுத ஒன்று, காத்திருந்து வரும் தரவுக்கு ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது ‘ரிப்பீட்’.

தமிழ் மன்றத்தின் வருகைப் பதிவுப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பெட்டி. மூன்றாவது வரியில் உள்ள கவிதாவுக்கு நீங்கள் குறி போட்டுவிட்டீர்கள். பிறகு யாரோ ‘அகர வரிசைப்படுத்து’ என்ற பொத்தானைத் தட்டுகிறார். கவிதா ஒன்பதாவது வரிக்குப் போகிறார். குறி எங்கே போகும்? சாதாரணமாகப் பட்டியலை வரையும் முறையில், அது மூன்றாவது வரியிலேயே நிற்கும். இப்போது அங்கே இருக்கும் அருண் வந்ததாகப் பதிவாகிவிடும். லிட் சோம்பேறித்தனமாக, அதாவது திறமையாக, ஏற்கெனவே இருக்கும் வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றி எழுதுவதே காரணம். ‘ரிப்பீட்’ டைரெக்டிவுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளத்தை, உறுப்பினர் எண் மாதிரி, கொடுக்க வேண்டும். அப்போது வரி முழுவதும் குறியோடு சேர்ந்து ஒன்பதாம் இடத்துக்கு நகரும். வராதவர் வந்தவராவது சிரிப்புக்குரிய பிழை. இதே பிழை மதிப்பெண் பட்டியலில் வந்தால் சிரிக்க முடியாது.

சொந்தமாகவும் டைரெக்டிவ் எழுதலாம். இங்கேதான் மாணவர்கள் ஆர்வக்கோளாறில் இறங்குகிறார்கள். எழுத்தை எண்ண ஒரு டைரெக்டிவ், தேதியைத் தமிழில் காட்ட ஒரு டைரெக்டிவ் என்று அடுக்குகிறார்கள். தேவையே இல்லை. ஒரு மதிப்பை வாங்கி இன்னொரு மதிப்பைத் தரும் வேலைக்குச் சாதாரண ஃபங்ஷன் போதும். முன்பு வரைந்தது என்ன என்று நினைவில் வைத்திருக்க வேண்டுமானால், அல்லது பக்கத்தில் உள்ள உண்மையான உறுப்பைத் தொட வேண்டுமானால் மட்டுமே டைரெக்டிவ்.

தமிழில் அப்படி ஒரு தேவை உண்மையாகவே இருக்கிறது. தமிழ் விசைப்பலகைகளில் பல, ஓர் எழுத்தை இரண்டு மூன்று தட்டல்களில் கட்டுகின்றன. அது கட்டி முடியும்வரை உலாவி அதை ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்ற இடைநிலையில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் கூறு அவசரப்பட்டு, ‘எழுத்து வரம்பு தாண்டிவிட்டது’ என்று பெட்டியின் உள்ளடக்கத்தை வெட்டினால், பாதி கட்டிய எழுத்து சிதறும். சில சமயம் வெறும் மெய்யெழுத்து எஞ்சி நிற்கும். ஆங்கிலம் மட்டும் தட்டிச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. எழுதுபவர் ஓர் எழுத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் உலாவி தரும் சைகைகளைக் கேட்டு, நடுவில் எதையும் தொடாமல் காவல் காக்கும் ஒரு டைரெக்டிவை எழுதி, எந்தப் பெட்டியிலும் ஒட்டிக்கொள்ளலாம். சீன மொழி, ஜப்பானிய மொழி எழுதுவோருக்கும் அதே காவல் பயன்படும்.

‘அன்சேஃப்’ என்று தொடங்கும் டைரெக்டிவ்களைப் பற்றி ஒரே வரி: பெயரிலேயே ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள், பயனர் எழுதியதை அதன் வழியாகப் பக்கத்தில் போடாதீர்கள்.

எண்ணும் வேலை

எழுத்தை எப்படித்தான் சரியாக எண்ணுவது? உலாவிகளிலேயே ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதி இருக்கிறது. சரத்தை மனிதர் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஃபயர்ஃபாக்ஸ் 2024ல் இதைச் சேர்த்ததோடு முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. அதில் ‘தமிழ்’ மூன்று, ‘சிங்கப்பூர்’ ஆறு.

அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘கொடி’ என்று தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. சரத்தை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு கட்டளை போதும். தமிழ்ப் பெட்டி என்று ஒன்றைச் செய்தால் இந்தக் கட்டளை அதற்குள் இருந்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கையோடு முடியவில்லை. ஆங்கிலத் தலைப்புகளைப் பெரிய எழுத்தாக மாற்றிக் காட்டும் சிஎஸ்எஸ் விதிக்குத் தமிழில் எந்த விளைவும் இல்லை. அதை மட்டும் நம்பிய வடிவமைப்பில் தமிழ்த் தலைப்பு சாதாரண வரி போலக் கிடக்கும். பொத்தானின் உயரத்தை எண்ணாகக் கட்டிவைத்தால் ‘கீ’யின் சுழியோ ‘பூ’வின் வாலோ வெட்டுப்படும். அகலத்தைக் கட்டிவைத்தால் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ வெளியே வழியும். முன்பு சொன்னேனே, வரி உயரமும் மொழிச் செய்தியும் சுவரைத் தாண்டி உள்ளே வரும் என்று. கூறை எழுதுபவர் அதை மறிக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எண்களிலும் ஒரு வேடிக்கை. ஒரு லட்சத்தைப் பொதுவாகத் தமிழ் முறையில் காட்டு என்று உலாவியிடம் சொன்னால் 1,00,000 என்று இந்திய வழக்கில் காற்புள்ளி போடும். சிங்கப்பூர்த் தமிழ் அல்லது மலேசியத் தமிழ் என்று வட்டாரத்தையும் சேர்த்துச் சொன்னால் 100,000 என்று நம் வழக்கில் போடும். நம் ஊர்த் தமிழுக்குத் தனி அடையாளம் இருக்கிறது என்பதை உலாவி ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இனி மறுப்புகள். வேலை வாய்ப்பெல்லாம் ரியாக்ட்டில் இருக்கிறது, இதைப் படித்து என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 வெப் காம்பொனன்ட்களை முழுமையாக ஏற்கிறது. ஒருமுறை செய்த தமிழ்ப் பெட்டியை ரியாக்ட்டிலும் வைக்கலாம், வியூவிலும் வைக்கலாம், எந்தக் கட்டமைப்பும் இல்லாத பள்ளிப் பக்கத்திலும் வைக்கலாம். தமிழ் மென்பொருளுக்கு உழைக்கும் ஆள்கள் குறைவு. குறைந்த உழைப்பை எங்கும் செல்லுபடியாகும் பொருளில் போடுவதே புத்திசாலித்தனம்.

செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருமே என்பது அடுத்த கேள்வி. தரும். எழுத்து எண்ணும் பெட்டி ஒன்றை நானும் கேட்டுப் பார்த்தேன். டெக்கரேட்டர்கள் அழகாக அடுக்கப்பட்டு வந்தன. எண்ணும் வரியில் மட்டும் பழைய நீளக் கணக்கு, ‘தமிழ்’ ஐந்து. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால்தான் அது பிழை என்று தெரியும்.

நியாயமான மறுப்பு ஒன்றும் உண்டு. ஷேடோ டோம் சுவர், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்குச் சில இடங்களில் இடைஞ்சல். சுவருக்கு வெளியே உள்ள பெயர்ச்சீட்டு உள்ளே உள்ள பெட்டியை அடையாளத்தால் சுட்ட முடியாது. நாம் செய்த பெட்டியில் எழுதியது படிவத்தோடு சேர்ந்து போக வேண்டுமானால் அதற்கெனத் தனியாகச் சில வரிகள் எழுத வேண்டும். எந்த டெக்கரேட்டரும் இதைத் தானாகச் செய்யாது. எனவே எச்டிஎம்எல் தரும் பொத்தானே போதுமான இடத்தில் புதிய பொத்தான் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. உலாவி தமிழைக் கவனிக்காமல் விட்ட இடத்தில் மட்டும் நம் கூறு வரட்டும்.

இது நமக்குப் புதிய வேலையும் அல்ல. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997ல் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டிப் பழகிய ஆசிரியர்கள் இன்றும் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் எழுத்துருவும் விசைப்பலகையும் இல்லை, அவற்றைச் செய்தார்கள். நம் காலத்தில் அவை கைப்பேசியிலேயே வருகின்றன. இல்லாதது நல்ல எழுத்துப் பெட்டி.

எங்கள் குழு இந்த விடுமுறையில் மூன்று கூறுகளோடு தொடங்குகிறது: எழுத்துப் பெட்டி, அகர வரிசைப் பட்டியல், உள்ளூர் வழக்கில் தேதியும் எண்ணும். எழுத்துப் பெட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஒரு தகராறு பாக்கி. ‘க்ஷ’வை உலாவி இரண்டாக எண்ணுகிறது. எங்களில் இருவர் அதுதான் சரி, க் ஒன்று, ஷ ஒன்று என்கிறார்கள். மற்ற இருவர் எழுதும்போது ஒரே எழுத்தாகத்தானே எழுதுகிறோம், ஒன்றாகவே எண்ண வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு அதை ஒரு @ப்ராப்பர்ட்டியாக வைத்து, தொடக்க மதிப்பை ‘இல்லை’ என்று விட்டிருக்கிறோம். உங்கள் தமிழாசிரியர் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.